ரிட்டயர் ஆன பேட்டரி யாருக்கு?

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. வரவேற்போம். வடசென்னையில் டீசல் புகையைக் காலம் காலமாகக் குடித்தது யார் நுரையீரல் என்று நமக்குத் தெரியும். ஆனால் தோழர்களே, அந்தப் பஸ்ஸை ஓட்டுகிற பேட்டரி ஒருநாள் கழற்றி வைக்கப்படும். அன்றைக்கு அது யாருக்குச் சொந்தம்? அப்போ பார்த்துக்கலாம் என்று இருந்தால் பதிலை வேறெவனோ எழுதி வைத்திருப்பான்.

லித்தியம் பேட்டரி ஓட ஓடத் தேயும். புதிதில் பிடித்த சக்தியில் எழுபது எண்பது சதவீதம்தான் பிடிக்கிறது என்கிற கட்டம் வந்ததும் வண்டிக்கு ஆகாது என்று கழற்றிவிடுவார்கள். வண்டிக்கு ஆகாதுன்னா எதுக்குமே ஆகாதுன்னு அர்த்தமில்லை. வண்டி அதைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும், மேடேற வேண்டும், சட்டென்று வேகமெடுக்க வேண்டும். ஒரு கட்டடத்துக்குள் அசையாமல் நின்று, பகலில் சோலார் தருவதை வாங்கி வைத்து ராத்திரியில் நிதானமாகக் கொடுக்கிற வேலைக்கு மிச்சமிருப்பது தாராளம். இன்னும் பல வருஷம் உழைக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பஸ்ஸின் பேட்டரி 200 யூனிட் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். எழுபது சதவீதமாகத் தேய்ந்தாலும் 140 யூனிட். தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இலவசமென்று அறிவித்தது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அந்த அளவுக்குள் பிழைக்கிற வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் யூனிட்கூட ஆகாது. ஆக ஒரு பஸ்ஸின் பழைய பேட்டரி 80 வீட்டுக்கு ஒரு நாள் கரண்ட். 120 பஸ்ஸுக்கு ஒன்பதாயிரம் வீட்டுக்கு மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வடசென்னையின் பல தெருக்கள் தண்ணீருக்குள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த ராத்திரிகளை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் படியுங்கள்.

வேறு இடங்களில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஃபுகுஷிமா அணுஉலை விபத்தால் 2011இல் ஊரே காலி செய்யப்பட்ட நமியே என்ற ஜப்பானியச் சிற்றூரில், 2018இல் நிஸானும் சுமிதோமோவும் கூட்டாக நடத்தும் நிறுவனம் பழைய கார் பேட்டரிகளைச் சோதித்துத் தரம் பிரிக்கும் ஆலையைத் திறந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு கால்பந்து அரங்கம் புதுசும் பழசுமாக 148 கார் பேட்டரிகளில் மின்சாரம் சேர்த்து வைக்கிறது. அமெரிக்காவின் நெவாடாவில் ரெட்வுட் கம்பெனி 2025இல் பழைய பேட்டரிகளை அடுக்கி 63,000 யூனிட் சேமிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. எதுக்கு? ஒரு டேட்டா சென்டருக்கு. பேட்டரியின் இரண்டாவது வாழ்வு எந்தப் பக்கம் போவுதுன்னு கவனிங்க.

நம் ஊரில் எந்தப் பக்கம் போகும்? இந்தப் பஸ்கள் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்குச் சொந்தமானவை அல்ல. ஒப்பந்தக் கம்பெனி ஓட்டுகிறது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கொடுக்கிறது. கிலோமீட்டர் காசு பொதுப் பணம். பேட்டரியின் விலையும் அதில்தான் அடைகிறது. அடைந்து முடிந்ததும் மிச்ச எழுபது சதவீதம் மட்டும் எப்படித் தனியார் சொத்து?

வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்த அண்ணல் அம்பேத்கர், 1943இல் மின்சாரம் குறித்த கொள்கைக் குழுவில் பேசும்போது எழுப்பிய கேள்விகளில் ஒன்று, மின்சாரம் தனியார் கையிலா அரசு கையிலா என்பது. பேட்டரிக்கும் அதே கேள்விதான்.

மதிப்புள்ளவரை கம்பெனிக்கு, மதிப்பு தீர்ந்ததும் நம்ம கைக்கு. இதைச் சும்மா சொல்லவில்லை. ஈய பேட்டரிக்கு 2001இலேயே விதி போட்டார்கள். முறையில்லாமல் உடைத்து உருக்குவது நின்றுவிட்டதா? உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் அளவு மீறியிருக்கிறது என்று 2020இல் யுனிசெஃப் சொன்னது. இப்படி உருக்குவதை முக்கியக் காரணம் என்றது. மலக்குழிக்கு 1993, 2013 என்று இரண்டு சட்டம், சாவு நிற்கவில்லை. லித்தியத்துக்கு 2022இல் விதி வந்திருக்கிறது, தயாரித்தவனே பொறுப்பு என்று. இந்த நாட்டில் கழிவு எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதைச் சாதி ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கிற பெட்டியை, குத்தினால் தீப்பிடித்து விஷவாயு கக்குகிற செல்லை, கையுறைகூட இல்லாமல் பிரிக்கப்போகிறவன் யார்? தெரிந்த கதைதான்.

ஒரு தோழர் கோபமாகக் கேட்டார்: “மிச்ச சோறு, பழைய துணி, இப்போ பழைய பேட்டரியா? புதுசா கேட்டா என்ன?” நியாயமான கோபம். சோதிக்காத பழசைக் கொண்டுவந்து சேரியில் இறக்கினால் நானே மறிப்பேன். மிச்ச சோறு அவன் பார்த்துப் போடுவது. நாம் கேட்பது ஏற்கெனவே நம் பணத்தில் வாங்கிய பொருளை, உரிமையாக, சோதனைச் சான்றோடு. வீட்டுக்குள் வைக்கவும் வேண்டாம். தெருமட்டத்துக்கு மேலே, தீயணைப்பு வசதியோடு, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தண்ணீர் மோட்டாருக்கும் வைக்கட்டும். எந்த செல் தேறும், எது தேறாது என்று பிரிக்கிற மீட்டர் நம் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். பாலிடெக்னிக்கிலும் ஐடிஐயிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆகாத வேலை இல்லை அது. உடைக்கிற கூலி வேலைக்கு மட்டும் நம்மைத் தேடி வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு வண்டி பேட்டரிக்கும் மின்னணுப் பாஸ்போர்ட் வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். பேட்டரிக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு தேய்ந்தது என்பதைக் கம்பெனி பூட்டி வைக்கக் கூடாது. இங்கே அதைக் கேட்கிற குரல் நம்மிடமிருந்து வரட்டும்.

மாணவத் தோழர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பத்து ரூபாய் செலவு. தகவல் உரிமைச் சட்டப்படி போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதுங்கள்: மின்சாரப் பேருந்து ஒப்பந்தத்தின் நகல் வேண்டும், கழற்றப்படும் பேட்டரி யாருக்குச் சேரும் என்று எந்தப் பிரிவு சொல்கிறது, அதைக் கையாளுபவர்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு. வந்த பதிலை நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் அதையும்.