நெய்வேலியும் தவளையும்

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பாரின் நிலத்துக் கிணற்றில் நீரோடு கரிய பொருளொன்று வெளிப்பட்டது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் முதற்செய்தி அதுவே. 1956இல் அதனை அகழ்வதற்கென நிறுவனம் தோன்றியது. அங்கு விளையும் மின்சாரத்தின் நன்மையை மறுப்பார் இலர். ஆயின், ஒரு டன் கரியை எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டியுள்ளது. அம்மண்ணையே இல்லமாகக் கொண்ட உயிர்கள் பல.

தவளையை நீர்வாழ் உயிர் என்றே பலரும் எண்ணுவர். அது முழு உண்மையன்று. பின்னங்கால்களால் மணற்பாங்கான நிலத்தைத் தோண்டி, கோடை முழுவதும் உள்ளே அடங்கிக் கிடக்கும் தவளைகள் தமிழகச் சமவெளியில் உண்டு. மழை விழுந்ததும் அவை மேலெழுந்து, பள்ளங்களில் தேங்கிய நீரில் முட்டையிடும்.

இத்தகைய வாழ்வின் வியத்தகு சான்று திருவில்லிபுத்தூர் மலைச்சாரலில் உள்ளது. 2017இல் புதிய இனமென அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளையொன்றுக்கு, 2014இல் மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயர் சூட்டப்பட்டது. பன்றியின் மூக்குப் போன்ற முகமுடைய இத்தவளை, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கின்றது. இனம் பெருக்கவே வெளிவருகின்றது. அதன் தலைப்பிரட்டைகள் பாய்ந்தோடும் ஓடையில் பாறைகளை வாயால் பற்றிக்கொண்டு வளர்கின்றன. கேரள மலைகளில் அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அடுத்த சுற்றமோ கடல் கடந்து செஷெல்ஸ் தீவுகளில் வாழ்கின்றது! மண்ணும் ஓடையும் சேர்ந்ததே அதன் வீடு. ஒன்று கெடின் மற்றொன்றால் பயனில்லை.

நெய்வேலியைச் சூழ்ந்த வயல்களில் ஒலிக்கும் தவளைகள் அத்துணை அரியன அல்ல. அதனாலேயே அவற்றை எவரும் பொருட்படுத்துவதில்லை. வயல்தோறும் திரிந்த பெருந்தவளைகளும் ஒருகாலத்தில் அவ்வாறே கருதப்பட்டன. அவற்றின் கால்கள் வெளிநாடுகளுக்கு ஏராளமாக அனுப்பப்பட்டன. 1987இல் அவ்வேற்றுமதியைத் தடை செய்ய நேர்ந்தது.

கரி எடுத்து முடிந்த சுரங்கப் பகுதிகள் மண்ணிட்டு நிரப்பப்பட்டு, மரங்கள் நடப்படுகின்றன, நீர்நிலைகளும் அமைக்கப்படுகின்றன. இது பாராட்டத்தக்க பணியே. எனினும், என்றும் வற்றாத நீரில் மீன்கள் பெருகித் தலைப்பிரட்டைகளை உண்டுவிடும். சில திங்களில் வற்றும் மழைக்குட்டையிலோ மீன் இல்லை. தவளைக்கு உகந்த தொட்டில் அதுவே. ஆகவே, மேல்மண்ணைத் தனியே காத்து மீண்டும் மேலே பரப்புவதோடு, ஆழமற்ற பள்ளங்கள் சிலவற்றைச் சமன் செய்யாது விட்டுவைத்தலும் வேண்டும். பயிர்நிலத்தை மீட்பதே முதற்கடன், தவளைக்கு இடமேது என்பார் உளர். பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தவளை தின்பதை அவர்கள் மறந்தனர் போலும்.

நிரப்பிய நிலம் உயிர் பெற்றதா என அறிய ஐப்பசி மழை பெய்த இரவொன்று போதும். அன்று அப்பள்ளங்களின் கரையில் நின்று செவிமடுத்தால் விடை கிடைத்துவிடும்.