வாளிக்கு ஒரு மாத்திரை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

மாத்திரை என்றவுடன் நமக்குக் காய்ச்சலும் மருந்துக் கடையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தமிழ் வகுப்பில் ஒழுங்காக அமர்ந்தவர் எவரும் அச்சொல்லின் பழைய பொருளை மறந்திருக்க மாட்டார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று அதற்குக் கணக்கும் வகுத்தார்கள் நம் இலக்கண ஆசிரியர்கள். ஆம், மாத்திரை என்றால் அளவு! கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று அளந்து கொடுக்கும் மருந்துக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது!

அந்த அளவு சலவைக்கும் துப்புரவுக்கும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. சலவைத் தூளை அழுத்தி மாத்திரையாக வார்க்கும் தொழில் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் தொடங்கப்பட வேண்டும். அதைத் தொடங்க வேண்டியவர்கள் வேதியியல் படிக்கும் கிராமத்து மாணவர்களாகிய நாமே என்பது என் துணிபு.

உவர்மண் முதல் தூள் வரை

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது முன்னோர் வாக்கு. கசக்குவதற்கு அவர்களிடம் உவர்மண் இருந்தது. ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் பூத்துக் கிடந்த அந்த மண்ணில் இருந்தது நம் ஆய்வகப் புட்டியில் இருக்கும் அதே சோடியம் கார்பனேட்தான். சலவைத் தொழிலாளர் அதைக் கரைத்துத் துணியை நனைத்து வெள்ளாவி வைத்தனர். பூந்திக்கொட்டையும் சீயக்காயும் அரப்பும் வீடுகளில் இருந்தன. பின்னர்ச் சோப்பு வந்தது. 1959இல் சர்ஃப் என்ற சலவைத் தூள் இந்தியச் சந்தைக்கு வந்தது. நெடுநாள் அது வசதி படைத்தோர் வீட்டுப் பொருளாகவே இருந்தது.

அந்நிலையை மாற்றியவர் யார்? கர்சன்பாய் பட்டேல் என்ற குஜராத்தி இளைஞர். வேளாண் குடும்பத்தில் பிறந்து, பி.எஸ்ஸி. வேதியியல் படித்து, அரசுத் துறையொன்றில் ஆய்வகப் பணியில் இருந்தவர். 1969இல் அகமதாபாத்தில் தம் வீட்டுப் பின்புறத்தில் தூள் கலந்து, மிதிவண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் மலிவு விலைக்கு விற்றார். அதுதான் நிர்மா. பட்டம் என்பது வேலை கேட்கும் விண்ணப்பத்தோடு இணைக்கும் தாள் மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பக்கத்திலும் இத்தொழில் புதியதன்று. வில்லியனூரைக் கடந்து விழுப்புரம் சாலையில் செல்வோர் வடமங்கலத்தில் இந்துஸ்தான் யூனிலீவர் ஆலையைக் கண்டிருப்பார்கள். மருந்து மாத்திரை செய்யும் ஆலைகளும் புதுச்சேரி வட்டாரத்தில் பல உள்ளன. நம் ஊர் அண்ணன்மார், அக்காமார் பலர் அத்தகைய ஆலைகளுக்குத்தான் வேன் ஏறிப் போகிறார்கள். மாத்திரை வார்க்கும் எந்திரத்தை ஓட்டத் தெரிந்த கைகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. அந்தக் கைகளுக்குச் சொந்தமாக ஓர் எந்திரம்தான் இல்லை.

அளவு யாருக்காக எழுதப்பட்டிருக்கிறது?

சலவைத் தூள் உறையின் பின்புறத்தைப் பாருங்கள். இத்தனை தண்ணீருக்கு இத்தனை தூள் என்று கடுகு போன்ற எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். என் தாயார் பள்ளிக்கூடம் போனதில்லை. வயலில் நடவும் களையெடுப்பும் இல்லாத நாள்களில் நகரத்தில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கித் துணி துவைக்கிறார். அவருக்கு நுரைதான் அளவு. நுரை வரவில்லையென்றால் இன்னும் ஒரு பிடி. மலிவான தூளில் சோடா அதிகம். அது கையிலுள்ள எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். விரல் இடுக்கு வெடிக்கும். இரவில் சோற்றில் ரசம் ஊற்றிப் பிசையும்போது கை எரிந்து, கரண்டியை எடுத்துக்கொள்கிறார். இது ஒரு வீட்டுக் கதையன்று. நம் வகுப்பில் பாதிப் பேரின் வீட்டுக் கதை இதுதான்.

எழுத்தில் இருக்கும் அளவு படித்தவர்களுக்கு மட்டுமே பயன்படும். மாத்திரையில் இருக்கும் அளவு எல்லாருக்கும் பயன்படும். ஒரு வாளிக்கு ஒன்று என்பதைப் படிக்க எழுத்தறிவு வேண்டியதில்லை.

தண்ணீரின் கணக்கு

நுரை ஏன் வருவதில்லை? தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளே காரணம். கடின நீரைப் பற்றி நாம் தேர்வுக்காகப் படித்ததை வாளிக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரில் கால்சியம் கார்பனேட் கணக்கில் 300 மில்லிகிராம் கடினத்தன்மை இருப்பதாகக் கொள்வோம். 20 லிட்டர் வாளியில் அது 6 கிராம். அதை வீழ்படிவாக்க ஏறத்தாழ 6.4 கிராம் சோடியம் கார்பனேட் வேண்டும். கடினத்தன்மை 600 ஆனால் 12.7 கிராம் வேண்டும். இந்தியத் தர நிறுவனம் குடிநீரில் விரும்பத்தக்க வரம்பாக 200ஐயும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் பொறுத்துக்கொள்ளும் வரம்பாக 600ஐயும் குறித்திருக்கிறது. குடிநீருக்கே இப்படியென்றால் துவைக்கும் நீரைக் கேட்க வேண்டுமா?

ஆக, ஓர் ஊருக்குச் சரியான தூள் அடுத்த ஊருக்குக் குறைவு. அதற்கடுத்த ஊருக்கு அதிகம். ஐரோப்பாவில் சலவைத் தூள் பெட்டிகளின் மேல் மென்னீருக்கு இவ்வளவு, கடின நீருக்கு இவ்வளவு என்று தனித்தனியே குறித்திருப்பார்கள். நம் பக்கத்தில் கடலை ஒட்டிய பாகூர்ப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகளில் உவர்ப்பு ஏறிவருவது ஊரறிந்த செய்தி. எங்கோ செய்து எல்லா ஊருக்கும் அனுப்பும் தூளுக்கு நம் கிணற்று நீர் தெரியாது. நம் ஊரிலேயே செய்யும் மாத்திரைக்கு அது தெரியும். தெரியும்படி நாம் செய்யலாம். மென்னீருக்கு ஒன்று, கடின நீருக்கு ஒன்று என இரண்டு வகை போதும்.

மிஞ்சிய தூள் எங்கே போகிறது என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாய்க்கால் வழியே ஏரிக்குப் போகிறது. தூளில் பாஸ்பேட் இருந்தால் அது பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் எருவாகிறது. அவை மக்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தியது. அதற்கு மாற்றாகச் சியோலைட் இருக்கிறது. ஊசுடு ஏரியும் பாகூர் ஏரியும் நமக்கு வேண்டுமென்றால் நம் மாத்திரையில் பாஸ்பேட் இருக்கக் கூடாது.

மாத்திரை செய்யும் முறை

சலவைக் கட்டியைப் பிசைந்து, குழாய் வழியே தள்ளி, அறுத்து எடுக்கிறார்கள். மாத்திரை அப்படியன்று. தொழிலில் ‘ஆசிட் சிலரி’ எனப்படும் அமிலக் கூழைச் சோடாவோடு சேர்த்து நடுநிலையாக்க வேண்டும். அந்தக் கூழுக்கு மூலமான எல்.ஏ.பி. என்ற எண்ணெயைச் சென்னை மணலியிலுள்ள தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் செய்கிறது. ஆகவே மூலப்பொருளுக்கு வெகுதொலைவு போக வேண்டியதில்லை. பின்னர்ச் சியோலைட், அழுக்கு மீண்டும் துணியில் படியாமல் தடுக்கும் செல்லுலோஸ் சேர்மம் ஆகியவற்றைக் கலந்து, குருணையாக்கி, உலர்த்திச் சலித்து, எந்திரத்தின் அச்சுக் குழியில் இட்டு மேலும் கீழும் அழுத்தினால் மாத்திரை தயார்.

சொல்வதற்கு எளிது, சிக்கல் அழுத்தத்தில் இருக்கிறது. மெல்ல அழுத்தினால் வண்டியில் போகும்போதே உதிர்ந்துவிடும். இறுக அழுத்தினால் வாளியில் கல்லாகக் கிடக்கும். 1960ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் ‘சால்வோ’ என்ற சலவை மாத்திரையைக் கொண்டுவந்தது. சரிவரக் கரைவதில்லை என்ற குறை அதைத் தொடர்ந்தது. எழுபதுகளின் இறுதியில் அது மறைந்தது. பிரிட்டனில் 1998இல் யூனிலீவர் ‘பெர்சில்’ மாத்திரையை வெளியிட்டபோது மாத்திரைக்கு மீண்டும் வாழ்வு வந்தது. நீர் பட்டவுடன் பருத்து மாத்திரையைப் பிளக்கும் பொருள்களை உள்ளே வைக்கக் கற்றுக்கொண்டதே இத்துறையின் வளர்ச்சி. ஈனோ பொங்குவதுபோல் சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் பொங்கிப் பிளக்கும் முறையும் உண்டு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் அது டப்பாவுக்குள்ளேயே பொங்கத் தொடங்கிவிடும். காற்றின் ஈரத்தை உலர்த்தும் எந்திரத்துக்குப் பெருஞ்செலவாகும். எனவே நமக்கு ஏற்றது நீரில் பருக்கும் செல்லுலோஸ் முறையே.

எதிர்ப்புரைகள்

ஒரு ரூபாய்ப் பாக்கெட்டோடு போட்டியிட முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தூளை விட மாத்திரைக்குச் செய்கூலி அதிகம் என்பதில் ஐயமில்லை. ஆகையால் கடை அலமாரியில் தொடங்கக் கூடாது. பள்ளிகள், அங்கன்வாடிகள், ஆரம்பச் சுகாதார நிலையங்கள், விடுதிச் சமையற்கூடங்கள் ஆகியவற்றில் தொடங்க வேண்டும். அங்கெல்லாம் தரையும் அண்டாவும் நாள்தோறும் கழுவப்படுகின்றன. தூளும் திரவமும் கண்ணளவில் கொட்டப்படுகின்றன. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் மாத்திரை அங்கே வீணைக் குறைக்கும்; கணக்கையும் நேராக்கும். முப்பது மாத்திரையை ஒரு டப்பாவில் அடைத்து, காலி டப்பாவைத் திரும்பப் பெற்று நிரப்பினால் வாய்க்காலில் மிதக்கும் பிளாஸ்டிக் உறைகளும் குறையும்.

குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால்? இதுவே நான் மிகவும் அஞ்சும் எதிர்ப்புரை. 2012இல் அமெரிக்காவில் வண்ண வண்ணமாய் வந்த திரவச் சலவைப் பொதிகளைக் குழந்தைகள் கடித்து நஞ்சேறிய செய்திகள் உலகறிந்தவை. எனவே நம் மாத்திரைக்கு வண்ணம் வேண்டாம், பழ மணம் வேண்டாம். குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும். அமிலக் கூழைக் கையாளும் பெண்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். தாயின் கையைக் காக்கத் தொடங்கும் தொழில் இன்னொரு தாயின் கையைச் சுட்டுவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, கிணறு கிணறாகத் தண்ணீரைச் சோதிப்பது. ஈ.டி.டி.ஏ. கொண்டு கடினத்தன்மை காணும் சோதனையை நாம் ஆய்வகத்தில் செய்கிறோம். மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு மாணவரும் தம் ஊர் நீரை ஒரு புட்டியில் கொண்டுவந்தால் ஓராண்டில் இரு கொம்யூன்களின் நீர்க்கணக்கு நம் துறையில் இருக்கும்.

இரண்டாவது, ஒரு பொது எந்திரம். கிருமாம்பாக்கத்தில் தொழிற்பேட்டை இருக்கிறது. மகளிர் குழுக்கள் கூடிப் பயன்படுத்த அங்கே ஓர் எந்திரம் நிறுவினால் போதும். மூன்றாவது, கடன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களை ஏற்கிறார்கள். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 விழுக்காடும், மகளிர், தாழ்த்தப்பட்டோர் முதலிய சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடும் மானியம் உண்டு. நமக்கு வேண்டியது பட்டமன்று, தொடங்கும் துணிவு.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் ஏதேனும் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து, யாரோ வகுத்த கலவையை யாரோ வாங்கிய எந்திரத்தில் போட்டு எடுப்பதோடு நம் வேதியியல் முடிந்துவிட வேண்டுமா? நம் கிணற்று நீரை அளந்து, அதற்கேற்ற கலவையை வகுத்து, எழுத்தறியாத கையும் பிழையின்றிப் பயன்படுத்தும்படி வார்த்துக் கொடுப்பது நம்மால் முடியாததன்று. நமக்குக் கிடைத்த கல்விக்கு நம் ஊர் வைத்திருக்கும் முதல் கேள்வி இது. விடை நம் கையில் இருக்கிறது.