118ஏ போன பிறகு

2020 செப்டம்பரில், பெண்களை இழிவுபடுத்தி யூடியூப்பில் காணொளி போட்ட ஒருவரின் இருப்பிடத்துக்கே பின்னணிக் குரல் கலைஞர் பாக்கியலட்சுமியும் இரு தோழிகளும் போனார்கள். நமது திருவனந்தபுரத்தில்தான். கரி எண்ணெய் ஊற்றியதும் அடித்ததும் முகநூலில் நேரலையாக ஓடின. புகார் கொடுத்தும் போலீஸ் அசையவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அவர்கள் மீதும் வழக்கு பாய்ந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் கொடுத்தது. அடித்ததை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் நாள்தோறும் ஏச்சு வாங்கும் ஒரு பெண்ணிடம் ‘கண்டுகொள்ளாதே’ என்று அறிவுரை சொல்லி நகர்வதும் எங்களால் ஆகாது.

அந்தக் கொந்தளிப்பை ஒட்டி வந்ததுதான் கேரள போலீஸ் சட்டத்தின் 118ஏ பிரிவு. ஆளுநர் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டது நவம்பர் 21. ஒருவரை மிரட்டுவது, ஏசுவது, அவமதிப்பது, பெயரைக் கெடுப்பது எதுவானாலும், எந்த ஊடகத்தில் பரப்பினாலும், மூன்றாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இணைய வசவைத் தடுக்கவே என்றது அரசு. சட்ட வாசகத்தில் இணையம் என்ற எல்லையே இல்லை. கிழக்கேகோட்டையில் விற்கும் சிற்றிதழும் அதில் மாட்டியிருக்கும். இதே சட்டத்தின் 118(டி) பிரிவை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவுடன் சேர்த்து, 2015இல் உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்திருந்தது. எதிர்ப்பு எல்லாப் பக்கமிருந்தும் எழ, 23ஆம் தேதியே முதல்வர் பினராயி விஜயன் அதை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்றார். அதே வாரம் ரத்தானது. நல்லது. ஆட்சியைக் குறைகூறி எழுதியதற்காக 1910இல் ‘சுதேசாபிமானி’ இதழின் அச்சகத்தைப் பறித்து அதன் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்திய ஊர் இது. அவமதிப்பு எது என்று முடிவு செய்யும் வேலையை போலீஸ் நிலையத்திடம் விடுவதை இந்த ஊர் அஞ்சத்தான் வேண்டும்.

சட்டம் போனது, வசவு போகவில்லை. அதன் முன் எழுதுகிறவர் தனியே நிற்கும்போது என்ன ஆகும் என்பதை 2018 ஜூலையில் பார்த்தோம். ‘மாத்ருபூமி’ வார இதழில் எஸ். ஹரீஷின் ‘மீச’ நாவலின் மூன்று அத்தியாயங்கள் வந்திருந்தன. இரு பாத்திரங்கள் பேசிக்கொள்ளும் ஒரு பகுதியை மட்டும் கிள்ளியெடுத்துப் பரப்பினார்கள். மனைவி, பிள்ளைகள் வரை மிரட்டல் போனதும் ஹரீஷ் தொடரை நிறுத்திக்கொண்டார். டி.சி. புக்ஸ் சில நாட்களிலேயே நாவலை அச்சிட்டது. தடை கேட்ட மனுவை செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2020இல் ஜெயஸ்ரீ களத்திலின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஜே.சி.பி. பரிசு பெற்றது. பரிசும் தீர்ப்பும் பின்னால் வந்தவை. ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது ஒரு பதிப்பாளர் பக்கத்தில் வந்து நின்றாரே, எங்களுக்கு அதுதான் பெரிது.

படித்துவிட்டு ‘இது தவறு’ என்று சொல்கிற வாசகர் எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் எங்களுக்கு வேண்டியவர். அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். படிக்காமல் கூட்டமாக வந்து சாதியையும் வீட்டுப் பெண்களையும் இழுப்பவர்களுக்குப் பதில் எழுதி எழுத்தாளரின் நேரம் வீணாக வேண்டாம். அந்தத் தொல்லையை இதழ் தாங்கட்டும். மிரட்டல் வந்தால் புகார் கொடுப்பது ஆசிரியர் குழுவின் பொறுப்பு.

இந்த இதழ் முதல் மறுப்புக் கடிதங்களைச் சுருக்காமல், எழுதியவர் பெயரோடு வெளியிடுகிறோம். மிரட்டலுக்குப் பயந்து எந்தத் தொடரையும் நாங்களாக நிறுத்த மாட்டோம். எழுதுபவரே நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம், அவரிடம் காரணம் கேட்க மாட்டோம்.