பற்றாசு இட்ட மடிக்கணினிகள்

மெலிவு என்பது மடிக்கணினி விற்போர் வாயில் இன்று மந்திரச் சொல்லாகிவிட்டது. அலுவலகப் பணிக்கெனக் கணினி வாங்கச் செல்பவரிடம் கடைக்காரர் முதலில் அதன் எடையைச் சொல்கிறார். அடுத்துச் செயலியின் பெயரைச் சொல்கிறார். நினைவகம் எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது, மின்கலத்தை மாற்ற இயலுமா என்னும் வினாக்களை வாங்குவோர் எழுப்புவதில்லை. விற்போர் அவற்றை விரும்புவதுமில்லை. இலக்கியம் கற்ற நமக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுவடிகளின் ஒளிப்படங்களையும் ஆய்வேட்டையும் இருபதாண்டுக் குறிப்புகளையும் அப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, அதன் உள்ளுறுப்பு நமக்கு வேண்டாம் என்பது எவ்வகை நியாயம்?

நமது கட்சி இது: பழுதைப் பிரித்தறிய இயலாத கணினி, எத்துணை விரைவாக ஓடினும், தொழிலுக்கு உதவாது.

பழுது காண்பது ஏறத்தாழப் பதம் பிரிக்கும் வேலைதான். கணினி உயிர் பெறவில்லையா? முதலில் வேறொரு சார்ஜரை இணைத்துப் பார்க்கிறோம். பின்னர் மின்னிணைப்பை அகற்றி, மின்கலத்தையும் நீக்கி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கிறோம். அதற்கும் மசியவில்லையெனில் நினைவக அட்டைகளைக் கழற்றி ஒன்றை மட்டும் பொருத்திப் பார்க்கிறோம், பின் மற்றதை, பின் இடம் மாற்றி. எதை நீக்கியபோது கோளாறு நீங்கிற்றோ, ஐயம் அதன்மேல் விழுகிறது. இம்முறை முழுவதும் உறுப்புகள் கழலும் என்னும் ஒரே தூணின்மீது நிற்கிறது. நினைவகச் சில்லைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிட்டால் அத்தூண் சாய்ந்துவிடும். சில்லு ஒன்று கெட்டாலும், பெரும்பாலும் செயலியோடு சேர்த்துப் பலகை முழுவதையும் மாற்றவேண்டியதாகிறது. ‘மதர்போர்டு போய்விட்டது சார்’ என்பது பழுதுநீக்கும் கடைகள் பலவற்றின் சோம்பல் தீர்ப்பாக இருந்தது. இன்று உற்பத்தியாளரே அத்தீர்ப்பை மெய்யாக்கித் தருகின்றனர்.

பற்றாசு என்பது பொற்கொல்லர் வழங்கிய பழஞ்சொல். வெண்பாவிலும் அதற்கு இடமுண்டு. இரு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் இணைக்குமிடத்து ஓசை நிரம்பவில்லையெனில் ஓரசையோ ஈரசையோ கூட்டுவர். அதற்கு ஆசு என்று பெயர். அங்கே தேவையின்பொருட்டு ஆசு இடப்படுகிறது. இங்கே எவர் தேவைக்கு?

திங்க்பேட் கணினிகளின் வரலாறு இதற்கு விடை சொல்லும். ஐபிஎம் 1992இல் தொடங்கிய வரிசை இது. 2005இல் லெனோவோவின் கைக்கு வந்தது. 2018இல் வெளியான டி480 மாதிரியில் நினைவகத்திற்கு இரண்டு பொருத்துவாய்கள் இருந்தன. உள்ளே ஒரு மின்கலம், வெளியே ஒரு மின்கலம். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியிலுள்ளதைக் கழற்றி மாற்றலாம். அடுத்த ஆண்டு வந்த டி490இல் வெளி மின்கலம் மறைந்தது. நினைவகத்தில் ஒரு பகுதி பலகையோடு பற்றவைக்கப்பட்டு, ஒரே ஒரு பொருத்துவாய் எஞ்சியது. அதன் மெலிந்த தம்பியாகிய டி490எஸ்ஸில் அதுவுமில்லை. ஓராண்டில் இத்தனையும் இழந்து நாம் பெற்றது சில மில்லிமீட்டர் மெலிவு.

பற்றவைப்பதற்குக் காரணமே இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. எல்பிடிடிஆர் வகை நினைவகம் குறைந்த மின்சாரத்தில் இயங்குவது. செயலிக்கு மிக அருகில் இருக்கவேண்டுவது. பழைய பொருத்துவாயில் அது அமையாது. ஆயின் அவ்வாதமும் இன்று தேய்ந்துவிட்டது. அவ்வகை நினைவகத்தையே கழற்றி மாட்டும் அட்டையாக்கிய எல்பிகேம்2, 2024இல் வந்த திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் இடம்பெற்றது. அதே ஆண்டின் டி14 ஐந்தாம் தலைமுறை இன்டெல் மாதிரியில் இரண்டு பொருத்துவாய்களும் திரும்பி வந்தன. இயலாது என்றது இயன்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ, கையடக்க மின்கலங்களைப் பயனரே கழற்றி மாற்ற இயலவேண்டும் என்பதை 2027 பிப்ரவரி 18 முதல் கட்டாயமாக்கி 2023இலேயே விதி வகுத்துவிட்டது.

மூன்றாண்டு உத்தரவாதம் இருக்கையில் கவலை எதற்கு என்று கேட்போர் உளர். நான்காம் ஆண்டை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நின்றது. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்ட டி480 விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இருக்கிறது. 8 ஜிபியோடு வாங்கியவர் இன்று இன்னோர் அட்டையைச் செருகி மேலும் சில ஆண்டுகள் ஓட்டலாம். அதே 2018இல் அதைவிடக் கூடுதல் விலை கொடுத்து 8 ஜிபி எக்ஸ்1 கார்பன் வாங்கியவருக்கு அந்த 8 ஜிபியே விதி.

கெட்டது எல்லாம் வன்பொருளும் அன்று. 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட் மாதிரிகளில் தண்டர்போல்ட் கட்டுப்பாட்டுச் சில்லின் நிலைப்பொருள் கோளாற்றால் யுஎஸ்பி-சி வாய் செயலிழக்கக்கூடும் என்று அறியப்பட்டு, லெனோவோவே திருத்தம் வெளியிட்டது. பழைய கணினி வாங்குவோர் முதல்நாளே அதை நிறுவிக்கொள்வது நன்று. சூடேறி மந்தமானால் விசிறியின் தூசியை நீக்குங்கள். ‘மடிக்கணினி’ என்று நாம் ஆக்கிய சொல்லும் இதில் குற்றவாளியே! மடியிலும் மெத்தையிலும் வைத்தால் அடிப்புறக் காற்றுத்துளைகள் அடைபடும். மேசைதான் அதற்குரிய இடம்.

தெரிவு செய்யுமிடத்துப் பணத்தை எங்கே இடுவது? திரையைப் பின்னர் மாற்றுவது தொல்லை. ஆகவே நல்லதையே முதலில் கேளுங்கள். எஸ்எஸ்டி கழற்றக்கூடிய அட்டையாயின் சிறியதே போதும். இரண்டு பொருத்துவாய் உள்ள கணினியில் இரண்டு 8 ஜிபி அட்டைகளைவிட ஒரே 16 ஜிபி அட்டையை நாம் பரிந்துரைப்போம். இரண்டும் நிரம்பினால் சற்று விரைவு கூடும் என்பது மெய். எனினும் எழுத்துவேலைக்கு அவ்விரைவைவிடக் காலியாக இருக்கும் ஓரிடம் மேலானது.

லெனோவோ, டெல், எச்பி மூன்றும் தம் வணிகக் கணினிகளுக்கான பழுதுநீக்கக் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. வாங்குமுன் அதில் நினைவகம், மின்கலம் இரண்டையும் கழற்றும் பக்கங்களைத் தேடிப் பாருங்கள். கல்லூரிகளின் கொள்முதல் குழுக்கள் செயலியின் தலைமுறையை எழுத்துப் பிழையின்றி எழுதுகின்றன; பொருத்துவாய் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. அக்குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரிய நண்பர்கள் அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் இரண்டு வரிகளைச் சேர்க்கவேண்டும்: நினைவகம் முழுவதும் கழற்றத்தக்கதாய் இருத்தல் வேண்டும், மின்கலம் பசையின்றித் திருகாணியால் பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும்.