இந்திரன் கோபமும் கீழையூர்ச் செங்கல்லும்



சென்ற ஆடி அமாவாசையன்று நாமும் பூம்புகாருக்குப் போயிருந்தோம். பாவத்தைக் கழுவிக்கொள்ளப் போனோம் என்றோ, செத்துப்போன பாட்டன் முப்பாட்டனுக்கு எள்ளுந் தண்ணீரும் அனுப்பிவைக்கப் போனோம் என்றோ யாரும் நினைத்துவிட வேண்டாம். அன்றைக்குத்தான் தஞ்சை நாட்டு ஜனங்கள் பஸ் பஸ்ஸாக அங்கே வந்து இறங்குகிறார்கள். கூட்டத்தில் நின்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கொஞ்ச நேரம் கேட்டால், நாட்டின் புத்தி எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது மடையில் தண்ணீர் மட்டம் தெரிவதுபோல் தெரிந்துவிடும்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், முழுகி எழுந்து, ஈரவேட்டியோடு நின்று தமது பேரனுக்குக் கடலைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அதோ பாருடா, அங்கேதான் பெரிய பட்டணம் இருந்திச்சு. ராசா ஒரு வருஷம் இந்திரனுக்குத் திருவிழா எடுக்க மறந்துட்டாரு. சாமி கோவிச்சுக்கிட்டு ஊரையே கடலுக்குள்ளே அமுக்கிப்புடுச்சு."

பையனுக்குப் பத்து வயதுக்குமேல் இராது. அவன் கேட்டான்: "ராசாதானே தாத்தா மறந்தாரு? ஊர்ல இருந்தவங்க என்ன பண்ணுனாங்க?"

பெரியவர், "அதெல்லாம் கேக்கப்படாதுடா" என்று சொல்லித் துண்டைப் பிழிய ஆரம்பித்துவிட்டார்.

தோழர்களே, பத்து வயதுப் பையன் கேட்ட இந்தக் கேள்வியை நம்முடைய புலவர்களும் புராணப் பிரசங்கிகளும் இத்தனை நூற்றாண்டாக ஏன் கேட்கவில்லை என்பதுதான் நமக்கு விளங்காத விஷயம்.

கதை மணிமேகலையில் இருக்கிறது. சோழ ராஜன் ஒருவனுக்கு நாகநாட்டுப் பெண் பீலிவளையிடம் ஒரு குழந்தை பிறக்கிறது. கம்பளச் செட்டி என்னும் வியாபாரியிடம் குழந்தை ஒப்படைக்கப்பட்டுக் கப்பலில் வருகிறது. கப்பல் இரவில் கவிழ்ந்து குழந்தை காணாமற் போகிறது. பெற்ற தகப்பன் பைத்தியம் பிடித்தவன்போல் கடற்கரையெல்லாம் தேடி அலைகிறான். அந்த அலைச்சலில் இந்திரவிழா நின்றுபோகிறது. உடனே மணிமேகலா தெய்வத்தின் சாபமும் இந்திரனுடைய சாபமும் சேர்ந்து ஊரைக் கடல் கொள்ளுகிறது. இதுதான் கதை.

பிள்ளையைப் பறிகொடுத்தவன் வீட்டில் அந்த வருஷம் பொங்கல்கூட வைக்கமாட்டார்கள். நம் ஊரிலே பரம ஏழையும் அறிந்த முறை இது. தேவர்களுக்கெல்லாம் ராஜா என்கிற இந்திரனுக்கு இது தெரியவில்லை. தனக்கு நாலேழு 28 நாள் விழா நடக்கவில்லை என்பதற்காக, மீன் பிடித்தவன், உப்பு விற்றவன், சட்டி பானை வனைந்தவன், தொட்டிலில் கிடந்த குழந்தை ஆகிய எல்லோரையும் சேர்த்து முழுக அடித்தான் என்றால், இவனைக் கும்பிடுவதா, கொலைக் குற்றத்துக்கு விசாரிப்பதா என்று கேட்கிறோம். இதைப் பாடிய சாத்தனாருக்குக் கூலவாணிகன் என்று பெயர். தானியக்கடைக் கணக்குப் பார்த்தவர். 28 நாள் விழாவுக்கு எத்தனை களம் நெல் செலவு, அது எவன் களத்திலிருந்து வந்தது என்று அவராவது ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கலாம்!

ஆனால் அந்த நூலிலேயே ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. ஊரைக் கடல் கொண்ட பிறகும் அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் பிழைத்து வஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று கதை போகிறது. அதாவது ஜனங்கள் நடந்து வெளியேறியிருக்கிறார்கள். இடியும் மின்னலுமாக ஒரே நொடியில் முழுகிய ஊராக இருந்தால் நடப்பதற்குக் கால் ஏது, வழி ஏது?

நிற்க. கதை எதைச் சொன்னாலும் சொல்லட்டும், மண் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

முன்பு தஞ்சாவூர் ஜில்லா சீர்காழித் தாலுகாவாக இருந்து, 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும், 2020 டிசம்பர் முதல் மயிலாடுதுறை மாவட்டத்துக்கும் போய்விட்ட இந்தப் பிரதேசத்தில், இந்தியத் தொல்லியல் துறையார் 1962-63 முதல் பத்து வருஷத்துக்குமேல் பல இடங்களில் தோண்டினார்கள். அந்த அறிக்கையைச் சௌந்தரராஜன் என்னும் அதிகாரி எழுதி 1994இல்தான் புத்தகமாக வந்தது. தோண்டி முடித்து இருபது வருஷம் கழித்து! நம் சர்க்கார் வண்டி ஓடுகிற வேகத்துக்கு இதையும் சீக்கிரம் என்றுதான் சொல்லவேண்டும்.

கீழையூரில் பெரிய பெரிய செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறை மேடை வெளிப்பட்டது. பக்கத்திலே படகைக் கட்டுவதற்கு நட்ட மரக்கம்பங்களின் அடிக்கட்டைகள் சேற்றுக்குள் மக்கிப்போகாமல் நின்றன. அந்த மரத்தைக் கார்பன் சோதனை செய்ததில் சுமார் கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று கணக்கு வந்தது. வாணகிரியில் தண்ணீரைத் தேக்கி வாங்குவதற்குக் கட்டிய செங்கல் தொட்டி ஒன்று. மேலையூர்ப் பல்லவனீச்சரத்தில் பௌத்த விஹாரம் ஒன்று, வரிசையாக அறைகளும், சலவைக்கல்லில் செதுக்கிய புத்தர் பாதமுமாக. அது கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுக் கட்டிடம் என்கிறார்கள். இவையன்றி, சோழருடைய புலி பொறித்த சதுரச் செப்புக்காசு, ரோமாபுரிக் காசு, கருப்புச் சிவப்புப் பானையோடு, பாசிமணி இவ்வளவும் கிடைத்தன. கப்பலில் வந்த சரக்குக்குப் புலி முத்திரை போட்டுச் சுங்கம் வாங்கினார்கள் என்று பட்டினப்பாலை சொல்லுவதும், தாலமி என்னும் யவனன் கபேரிஸ் என்று ஒரு துறைமுகத்தைக் குறித்து வைத்திருப்பதும் இந்தக் காசுகளோடு பொருந்துகின்றன. பழைய நூல் சொல்லுவது எல்லாம் பொய் என்பது நம் வாதமல்ல. எது மண்ணோடு பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுவோம், எது பொருந்தவில்லையோ அதை விடுவோம்.

இப்போது பாருங்கள். கடல் விழுங்கிவிட்டதென்று சொல்லப்படுகிற பட்டணத்தின் படகுத்துறை தரையிலே, கடலுக்கு எட்டத் தள்ளி, வயலோரத்தில் நிற்கிறது! தண்ணீருக்குள் இருக்கவேண்டிய துறை காய்ந்து கிடக்கிறது. ஏன்? ஆறு இடம் மாறிவிட்டது. வாய்க்கால் தூர்ந்தால் மதகு கரையில் தனியாக நிற்பதை நாம் பார்த்ததில்லையா? ஒருபுறம் ஆறு விட்டுவிட்டுப் போய்விட்டது, மறுபுறம் கடல் கரையைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வந்திருக்கிறது.

அன்றியும், ஊர் ஒரே நாளில் ஒழிந்தது என்பதற்கு விரோதமான சாட்சிகள் வரிசையாக நிற்கின்றன. 5ஆம் நூற்றாண்டில் புத்ததத்தர் என்னும் பௌத்த ஆசிரியர் காவிரிப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு பாலி பாஷையில் நூல் எழுதினார், அந்த ஊரைப் புகழ்ந்தும் எழுதினார். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பல்லவனீச்சரத்தைப் பாடுகையில் ஊர்ப்பெயரைச் சொல்லியே பாடுகிறார். சாயாவனம் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பட்டினத்தார் பிறந்த ஊரும் இதுவே என்று சைவர்களே சொல்லிக்கொள்ளுகிறார்கள். இந்திரன் அமுக்கியது உண்மையானால் இவர்களெல்லாம் தண்ணீருக்கடியிலா குடியிருந்தார்கள்?

கடலுக்குள்ளும் தேடியிருக்கிறார்கள். 1981 முதலாகக் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிலையத்தாரும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையாரும் சேர்ந்தும் தனித்தும் முழுகிப் பார்த்தார்கள். அலை வந்து போகிற கரையோரத்தில் உறைகிணறுகளும் செங்கல் சுவர்களும், சற்று உள்ளே செம்புறைக்கல் துண்டுகளும் தென்பட்டன. கப்பல் ஒன்றும் கிடைத்தது. சோழன் கப்பல் என்று யாரும் துள்ளவேண்டாம். 1791, 1792 என்று வருஷம் பொறித்த ஈயக்கட்டிகளை ஏற்றிவந்த ஐரோப்பாக்காரன் கப்பல். கரை எப்படிக் கரைகிறது என்பதற்கு வேறு சாட்சியும் தேட வேண்டியதில்லை. சற்றுத் தெற்கே தரங்கம்பாடியில், பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பக்கத்தை நம் அப்பன் பாட்டன் காலத்திலேயே அலை அறுத்துத் தின்றுவிட்டது. அங்கே எந்தத் திருவிழாவை யார் மறந்தார்கள்? தன் வீட்டு வாசலைத் தானே காத்துக்கொள்ள முடியாத சாமி ஊரை எப்படிக் காக்கும், அல்லது எப்படி அழிக்கும்?

இந்தப் புத்தி நமக்கு மட்டும் சொந்தமல்ல. கிறிஸ்தவ வேதத்திலே எரிகோ என்று ஒரு பட்டணம். யோசுவாவின் ஆட்கள் ஏழு நாள் சுற்றி வந்து எக்காளம் ஊதி ஆரவாரம் செய்தவுடன் மதில் விழுந்ததாம். ராகாப் என்பவளுடைய குடும்பம் நீங்கலாக ஆண், பெண், கிழவர், குழந்தை, ஆடு, மாடு, கழுதை எல்லாம் வெட்டப்பட்டனவாம். இந்திரன் தண்ணீரால் செய்ததை அந்தச் சாமி கத்தியால் செய்தது. வித்தியாசம் அவ்வளவுதான். 1930 முதல் 1936 வரை கார்ஸ்டாங் என்னும் வெள்ளைக்காரர் அந்த மேட்டைத் தோண்டி, யோசுவா காலத்து இடிந்த மதில் இதோ என்று காட்டினார். அதற்குப் பணம் கொடுத்தவர் சார்லஸ் மார்ஸ்டன், வேதம் மெய்யென்று நிரூபிக்கவேண்டும் என்ற ஆசையுள்ள செல்வர். கலியாணத் தரகன் சொல்லும் ஜாதகம் பொருந்தாமல் போகுமா?

பிறகு 1952 முதல் 1958 வரை காத்லீன் கென்யான் என்னும் அம்மாள் அதே மேட்டைப் படிவம் படிவமாக அறுத்துப் பார்த்தார். அந்த மதில் யோசுவா காலத்துக்குச் சுமார் ஆயிரம் வருஷம் முந்தியது என்று தெரிந்தது. பட்டணம் கி.மு. 1550ஐ ஒட்டி அழிந்துபோயிற்று. யோசுவா வந்ததாகச் சொல்லப்படுகிற காலத்தில் இடிந்து விழுவதற்கு அங்கே மதிலே இல்லை! மாறாக, யாரும் எதிர்பாராதபடி, சுமார் பத்தாயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு கல்கோபுரம் அடியிலிருந்து வந்தது. அந்த அம்மாள் வேதம் படித்த குடும்பம், தாமும் கோயிலுக்குப் போகிறவர். அப்படியிருந்தும் மண் சொன்னதைத்தான் எழுதினார். அந்த யோக்கியதை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

இப்படிக் கேட்பது பக்தர்களை மட்டுமல்ல. நம்முடைய தோழர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். 2001இல் கிரஹாம் ஹான்காக் என்னும் இங்கிலீஷ் எழுத்தாளர் பூம்புகார்க் கடலில் முழுகினார். சுமார் 23 மீட்டர் ஆழத்தில் ஒரு குதிரைலாட உருவத்தைப் பார்த்து, அந்த ஆழம் 11,000 வருஷத்துக்குமுன் தரையாயிருந்தது, ஆகவே இது 11,000 வருஷத்து நகரம் என்றார். அப்புறம் கடலடிப் படங்களைக் காட்டி 15,000 வருஷம் என்று சொன்னவர்களும் உண்டு. உடனே நம்மவர்கள் மேடைக்கு மேடை கைதட்டல் வாங்குகிறார்கள். தோழர்களே, அந்தக் காலத்தில் கடல் மட்டம் வெகு கீழே இருந்தது மெய். அங்கே நிலம் இருந்ததும் மெய். நிலம் இருந்தால் நகரம் இருந்ததாகிவிடுமா? சுட்ட செங்கல் ஒன்று, மனிதன் கைபட்ட சாமான் ஒன்று, அந்த ஆழத்திலிருந்து எடுத்துக் காலம் சோதித்துக் காட்டவேண்டாமா? தழை உரம் போடாத நிலத்தில் கண்டுமுதல் சொல்லுகிற மிராசுதார்க் கணக்காய் அல்லவா இருக்கிறது! புராணக்காரன் யுகக் கணக்கில் லட்சம் வருஷம் சொன்னால் சிரிக்கிற நாம், அது தமிழன் பெயரால் வந்தால் மாத்திரம் வாயைப் பிளந்து விழுங்கலாமா? கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே செங்கல்லால் துறை கட்டி, கடல் கடந்து வியாபாரம் செய்தவன் என்பது போதாதா நமக்கு? 2025இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அந்தக் கடலில் மறுபடி ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறது. அதில் எது வருகிறதோ அதை ஏற்றுக்கொள்ளுவோம், நமக்குப் பிடிக்காததாயிருந்தாலும்.

இது ஒருபுறமிருக்க, பழங்கதைதானே, அதனாலென்ன கெடுதி என்று சிலர் கேட்கலாம். 2004 டிசம்பர் 26ந் தேதி இந்தக் கரையில் சுனாமி வந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000 பேருக்குமேல் மாண்டார்கள். அநேகர் மீனவர் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும். வேளாங்கண்ணியில் மாதாவைக் கும்பிட வந்தவர்களும் மாண்டார்கள். சுமத்ராவுக்கருகில் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது காரணம். அப்படியிருந்தும், "ஊரில் பாவம் மிஞ்சிப்போச்சு, அதுதான்" என்று பிணத்தைப் புதைத்த கை காய்வதற்குள் சொல்லித் திரிந்தவர்களை நாம் நேரில் கண்டோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் நின்று, உன் பாவத்தால்தான் என்று சொல்லத் துணிகிற நாக்குக்கு அந்தத் துணிவை எது கொடுத்தது? அந்த இந்திரன் கதைதான் கொடுத்தது.

காரணம் சாமி கோபம் என்றால் செய்யவேண்டியது கிடா வெட்டும் பூஜையுந்தான். காரணம் கடலரிப்பு என்றால் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. காவிரி கொண்டுவந்த மணலும் வண்டலும் அணைகளில் தங்கிவிட்டால் முகத்துவாரத்துக் கரைக்கு மண் எங்கிருந்து வரும்? 1934இல் மேட்டூர் அணை கட்டியபிறகு வருகிற வண்டல் எவ்வளவு? ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளுகிறவன் யார்? வெள்ளமெல்லாம் கொள்ளிடத்தில் போக, கடலுக்கு வரும்போது காவிரி ஒரு வாய்க்கால் அகலத்துக்குச் சுருங்கிக் கிடக்கிறதே, அந்த இடத்தில் நின்று முழுகுகிற ஆயிரம் பேரில் ஒருவராவது இதைக் கேட்டதுண்டா?

அன்று மத்தியானம் அந்தப் பெரியவரையும் பையனையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கீழையூருக்குப் போனோம். பெரியவர் முதலில், "அங்கே என்ன சாமி தம்பி?" என்றார். "சாமி ஒண்ணுமில்லீங்க ஐயா, செங்கல்லுதான்" என்றோம். பையன் குனிந்து செங்கல் வரிசையை விரலால் எண்ணிக்கொண்டிருந்தான். பெரியவர் வெகு நேரம் பேசவில்லை. அறுபது வருஷம் வரப்பில் நின்றவர். சுற்றும் முற்றும் வயலைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், கடல் இருக்கிற கிழக்குத் திசையைப் பார்த்தார். பிறகு நம்மிடம் கேட்டார்:

"படகு கட்டுன எடம்னா, ஆறு இப்படியே வந்திருக்கணுமே. அது எந்தப் பக்கமா திரும்பிப் போயிருக்கும் தம்பி?"