வைக்கோலை எரித்தால் அபராதம், லிக்னினை எரித்தால்?

பஞ்சாபிலும் அரியானாவிலும் உழவர் ஒருவர் அறுவடை முடிந்த வயலில் நெல் தாளைக் கொளுத்தினால் அபராதம். 2024 நவம்பரில் மத்திய அரசு அதை இருமடங்காக்கிற்று. இரண்டு ஏக்கருக்குக் குறைவாக உள்ளவருக்கு ரூ. 5,000, ஐந்து ஏக்கர் வரை ரூ. 10,000, அதற்கு மேல் ரூ. 30,000. புகை டில்லி மக்களின் மூச்சை முட்டுகிறது. எரிக்கக் கூடாது என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை.

எரிக்காமல் என்ன செய்வது? பானிப்பட்டைப் பாருங்கள் என்கிறார்கள் ஆளவந்தார்கள். பார்த்தோம்! ரூ. 900 கோடிக்கு மேல் செலவிட்டு இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த ஆலையை 2022 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கி வைத்தார். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல் உள்ளே போகும், 3 கோடி லிட்டர் எத்தனால் வெளியே வரும் என்பது அன்று சொன்ன கணக்கு. நல்ல திட்டந்தான். ஆனால் 3 கோடி லிட்டர் எத்தனாலின் எடை சுமார் 24,000 டன். மீதி எங்கே? வைக்கோலில் உள்ள சர்க்கரைப் பொருள்தான் நொதித்து எத்தனாலாகும். தாளுக்கு விறைப்பைத் தருகின்ற லிக்னின் நொதிக்காது. சக்கையாக எஞ்சி நிற்கும். இத்தகைய ஆலைகளில் அதற்கு நேரும் கதி கொதிகலன் அடுப்பு!

வயலில் கொளுத்தினால் குற்றம். கொதிகலனில் கொளுத்தினால் தொழில்நுட்பம்! நீராவியும் மின்சாரமும் கிடைக்கின்றனவே என்பார்கள். கிடைக்கின்றன, மறுக்கவில்லை. சந்தனக் கட்டையை எரித்தாலுந்தான் சோறு வேகும்.

லிக்னின் என்ன, சந்தனமா? நார்வே நாட்டின் சார்ப்ஸ்போர்க் நகரில் போரெகார்டு என்றோர் ஆலை. மரக்கூழ் எடுத்தபின் எஞ்சும் லிக்னினிலிருந்து 1962 முதல் வெனிலின் செய்கிறது. ஐஸ்கிரீமில் மணக்கிறதே, அதே வெனிலின்! கான்கிரீட்டில் தண்ணீரைக் குறைத்தும் இளக்கம் தருகின்ற சேர்மானப் பொருளும் அதே எச்சத்திலிருந்து வருகிறது. பின்லாந்தில் பிளைவுட் ஒட்டும் பசையில், பெட்ரோலியத்திலிருந்து வரும் பீனாலில் ஒரு பகுதிக்குப் பதிலாக லிக்னினைச் சேர்க்கிறார்கள்.

எளிதென்று நாம் சொல்லவில்லை. லிக்னின் ஒரே அச்சில் வார்த்த பொருள் அல்ல. பலவகைப் பிணைப்புகளால் தாறுமாறாகப் பின்னியது. சூட்டில் மேலும் இறுகிக்கொள்வது. அதிலிருந்து பணத்தைத் தவிர எதையும் செய்யலாம் என்று தொழில்துறையினரே கேலி பேசுவதுண்டு. கனடாவின் தோரோல்டு ஆலை 1981-ல் உலகின் வெனிலினில் சுமார் 60 சதவீதத்தைத் தந்தது; காரக் கழிவைச் சமாளிக்க முடியாமல் 1987-ல் மூடப்பட்டது. ஆகவே வெனிலின் கனவோடு தொடங்க வேண்டியதில்லை. பசையும் கான்கிரீட் சேர்மானமும் போதும்.

நம் வீட்டு அடுப்பையும் பார்ப்போம். கரூரை அடுத்த புகளூரில் தமிழ்நாடு அரசின் காகித ஆலை 1984 முதல் கரும்புச் சக்கையில் காகிதம் செய்து வருகிறது. சக்கையின் லிக்னின் கருந்திரவமாகிக் கொதிகலனுக்குப் போகிறது. சோடாவை மீட்க அந்த எரிப்பு தேவை; முழுவதையும் எடுத்துவிட முடியாது. ஆனால் கொதிகலனின் கொள்ளளவே தடையாக நிற்கும் ஆலைகளில், லிக்னினில் ஒரு பங்கைப் பிரித்தெடுத்தால் கூழ் உற்பத்தியையே கூட்டலாம் என்பது வெளிநாட்டு ஆலைகள் கண்ட உண்மை. பொதுத்துறை ஆலை முயலாமல் வேறு யார் முயல்வது?

சரி, லிக்னின் விலை போகிற நாள் வந்தால் இலாபம் யாருக்கு? இங்கேதான் நமது வழக்கு. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, பின்னர் செய்த திருத்தத்தின்படி, கரும்பு விலையை வகுக்கும்போது மொலாசஸ், சக்கை, பிரஸ்மட் ஆகியவற்றின் வருவாயையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. கரும்பு உழவருக்குச் சட்டத்தில் ஒரு வரியாவது உண்டு. வைக்கோல் தருகின்ற உழவருக்கு? அவருக்குக் கிடைப்பது கட்டு விலை. அதுவும் கட்டும் இயந்திரக்காரர், இடைத்தரகர் கை கடந்து வருவது. இன்று எரிபொருள் என்று எடை போட்டு வாங்கிய வைக்கோல் நாளை ரசாயனப் பண்டமானால், பழைய விலையே நீடிக்கும். உயர்வு முழுவதும் ஆலைக் கணக்கில் சேரும்.

அந்த நாள் வந்தபின் மனுக் கொடுத்துப் பயனில்லை. அரசுப் பணத்தில் எழும் ஒவ்வோர் ஆலையின் வைக்கோல் ஒப்பந்தத்திலும், லிக்னின் விற்ற வருவாயில் உழவருக்கு இத்தனை பங்கு என்று இப்போதே எழுதட்டும். தாளைக் கொளுத்தியவருக்கு ஏக்கர் வாரியாக அபராதம் வகுக்கத் தெரிந்தவர்களுக்கு, தாளைக் கொடுத்தவருக்கு டன் வாரியாகப் பங்கு வகுக்கவா தெரியாது?