செக்ரோலில் உள்ள போலீஸ் பெரட்டில் எங்கே?

நாட்டில் போலீஸ் போதாது என்ற பேச்சு எழும் போதெல்லாம் ஒரே கணக்குத்தான் முன்னால் வைக்கப்படுகிறது. 250 பேருக்கு ஒரு போலீஸ்காரர் வேண்டும் என்பார்கள். அந்த அளவை நெருங்கிவிட்டோம் என்றோ, இன்னும் சில ஆயிரம் பேரை எடுக்க வேண்டும் என்றோ சொல்லி முடித்துவிடுவார்கள். தோட்டத் தொழிலாளி கேட்க வேண்டிய கேள்வி வேறு. இரவு 11 மணிக்கு லயத்தில் வெட்டுக்குத்து நடந்தால் வந்து சேர யார் இருக்கிறார்கள், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதே அந்தக் கேள்வி.

நம் கிராணிமார்களுக்கு இது புதிய விஷயமல்ல. செக்ரோலில் 200 பெயர் இருக்கலாம். காலைப் பெரட்டில் நிற்பவர்களை எண்ணிப் பார்த்தால்தான் அன்றைக்கு எத்தனை நிரை வெட்டப்படும் என்பது தெரியும். மலேசியப் போலீஸ் படையின் செக்ரோலில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் உண்டு. கலகம் அடக்கும் படை, கடல் படை, எல்லையில் நிற்கும் பொது நடவடிக்கைப் படை, ரகசியப் போலீஸ், ஆபீஸ் வேலை பார்ப்போர் எல்லோரும் அதில் அடக்கம். ஒரு மாநிலத்துக்குக் கிடைக்கும் பங்கு ஜில்லாக்களுக்கும், ஜில்லாவின் பங்கு ஸ்டேசன்களுக்கும் பிரிகிறது. தோட்டத்துக்குப் பக்கத்து ஸ்டேசன் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது.

ஒரு சிறு ஸ்டேசனைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் உழைத்தால், ஒரே ஓர் இடத்தில் இரவும் பகலும் ஆள் நிற்க மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, நோய், கோர்ட்டுச் சாட்சி, பயிற்சி எல்லாம் சேர்ந்தால் ஐவர் ஆகிவிடும். ஆக, ஏட்டில் 20 பேர் உள்ள ஸ்டேசனில் எந்த நேரத்திலும் வேலையில் இருப்பவர் 4 பேர்தான். ஒருவர் புகார் எழுதுவார். ஒருவர் காவல் நிற்பார். மீதி இருவர் வண்டியில் போவார்கள். அந்த வண்டி ஜில்லாவின் மறுகோடியில் நின்றால், நம் தோட்டத்துக்குப் போலீஸ் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஆளைக் கூட்டிவிட்டால் மட்டும் போதுமா? அதற்கும் நம் சரித்திரமே பதில் சொல்கிறது. 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் கொல்லப்பட்டு, அவசரகாலச் சட்டம் வந்தது. அப்போது மலாயாவில் சுமார் 10,000 போலீஸார் இருந்தனர். நான்கே ஆண்டுகளில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களையும் சேர்த்து 60,000-க்கு மேல் போய்விட்டது. தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் துப்பாக்கியோடு ஆள் நின்றார்கள், பயிற்சியோ சொற்பம். 1952-ல் கமிஷனராக வந்த ஆர்தர் யங், மேலும் ஆள் கேட்கவில்லை. ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் ஆயிரக்கணக்கானோரை விடுவித்து, மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, போலீஸ் மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்.

இன்று ஆட்களை எங்கே அனுப்புவது என்பதைப் பெரும்பாலும் பதிவான குற்றங்களே தீர்மானிக்கின்றன. 2010-ல் அரசாங்கம் குற்றத் தடுப்புத் திட்டம் வகுத்தபோது சிலாங்கூர், கோலாலம்பூர், ஜொகூர், பினாங்கு ஆகிய நான்கு பகுதிகளில் 50 இடங்களைப் பொறுக்கி எடுத்துக் கவனம் செலுத்தியது. குற்றம் மிகுந்த இடத்துக்கு ஆள் அனுப்புவதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் நடப்பவற்றில் எவ்வளவு ஸ்டேசன் புத்தகத்தில் ஏறுகிறது? புகார் கொடுக்கப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். மலாயில் சரளமாகச் சொல்லத் தெரியாதவருக்குக் கூச்சம். அடிபட்ட பெண்ணை வீட்டாரே தடுக்கிறார்கள். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்ட வெளிநாட்டுத் தொழிலாளி ஸ்டேசன் பக்கமே தலைகாட்டுவதில்லை. எழுதப்படாத குற்றம் நடக்காத குற்றமாகிறது. குற்றமில்லாத இடத்துக்கு ஆள் எதற்கு என்று அடுத்த ஆண்டும் கணக்குப் போடப்படுகிறது.

போலீஸ்காரர்களை நாம் பகைக்கவில்லை. அவர்களும் சம்பளத்துக்கு உழைப்பவர்களே. தொழிற்சங்கம் அமைக்க 1959-ம் ஆண்டுச் சட்டம் அவர்களை அனுமதிப்பதில்லை. ஆள் குறைந்த ஸ்டேசனில் கூடுதல் சுமையைத் தூக்குவது அவர்கள்தாம்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு ஜில்லாவிலும் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, இரவு ரோந்தில் இருப்போர் எத்தனை என்பதை அரசாங்கம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். குற்ற எண்ணிக்கையோடு தூரத்தையும், அழைத்தபின் வந்து சேரும் நேரத்தையும் பார்த்து ஆட்களைப் பங்கிட வேண்டும். குமாஸ்தா வேலையைக் குமாஸ்தாக்களிடம் விட்டு, சீருடை அணிந்தவர்களை வெளியே அனுப்ப வேண்டும். சம்பள நாட்களில் நடமாடும் ஸ்டேசன் வண்டி தோட்டத்துக்குள் வர வேண்டும்.

தொழிலாளர்களுக்கும் கடமை உண்டு. வாயால் சொல்லும் புகாரையும் எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேசனும் புகாரை மறுக்க முடியாது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமானால், நான்கு வாரம் கழித்து விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். 2007 முதல் இந்த உரிமை அமலில் இருக்கிறது. தனியே போகத் தயங்குபவருடன் தோட்டக் கமிட்டியில் ஒருவர் துணைக்குப் போகட்டும். புகாரின் நகலைப் பத்திரமாக வைத்துக் கொள்ளட்டும். அந்தப் புத்தகத்தில் நம் பெயர்கள் ஏறினால்தான், ஆட்களைப் பங்கிடும் மேசையில் நம் தோட்டத்தின் பெயரும் வரும்.